கோலாரிலிருந்து பொட்டிப்புரம் வரை: மங்கிய அளவீட்டில் நியூட்ரினோ தேடிய வரலாறு

நியூட்ரினோவைப் பிடிப்பது ஒரு வேலை. பிடிபட்டது எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று சொல்வது அதைவிடப் பெரிய வேலை. மின்னூட்டம் இல்லாத, நிறையும் இல்லையென்றே சொல்லத்தக்க இந்தத் துகள் உணர்கருவியில் தன் தடம் எதையும் பதிப்பதில்லை. எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும்போது அங்கிருந்து தெறிக்கும் மற்றத் துகள்களை வைத்துத்தான் அது வந்து போனதே தெரியும். தெறித்தவற்றில் சில கருவிக்குள் அடங்கும், சில வெளியே ஓடிவிடும், சில இரும்பிலோ நீரிலோ மறைந்துவிடும். மிச்சத்தைக் கூட்டிப் பார்த்து நியூட்ரினோவின் ஆற்றலைக் கணக்கிட்டால் விடை முன்பின்னாகத்தான் வரும். அந்த முன்பின்னுக்குரிய அளவே ஆற்றல் பகுதிறன். பகுதிறன் குறைந்த கருவியில், உண்மையில் 4 அலகு ஆற்றலோடு வந்த நியூட்ரினோவும் 6 அலகோடு வந்ததும் ஒரே இடத்தில் பதிவாகிவிடும்.

நியூட்ரினோக்களில் பாதி காணாமல் போவது போன்ற பெரிய விளைவுகளுக்கு இந்தக் குறை தடையில்லை. பாடநூல் இயற்பியலில் இடமில்லாத புதிய விசையோ, நான்காம் வகை நியூட்ரினோவோ, சிதைந்துபோகும் நியூட்ரினோவோ இருந்தால் அவற்றின் குறி சில விழுக்காடு அளவில்தான் தெரியும். அதை மங்கிய கருவியில் தேடுவது விறகுக் கடைத் தராசில் குந்துமணி எடை பார்ப்பது போன்றது. இந்திய நியூட்ரினோ ஆய்வு தொடக்கம் முதலே அந்தத் தராசோடுதான் வேலை செய்து வந்திருக்கிறது. துல்லியமான சிறு கருவிக்குப் பதில் எடை மிகுந்த, மலிவான, முரட்டுக் கருவியையே இங்குள்ளவர்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றலை அளக்க முடியாத இடத்தில் திசை, ஆழம், நேரம், மின்னூட்டம் ஆகியவற்றைத் துணைக்கு அழைத்தார்கள். சில இடங்களில் அது பலித்தது. சில இடங்களில் பலிக்கவில்லை.

இந்த வரலாறு தொடங்கும் இடம் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நடத்திய இந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். மைசூர் ராஜ்ஜியத்துக்குள் இருந்தும் ஊரின் பேச்சு தமிழாகவே நிலைத்ததற்கு அவர்களே காரணம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டிப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும் 'ராக் பர்ஸ்ட்' பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்திருக்கிறது. தங்கத்துக்காக இத்தனை ஆழம் தோண்டிய இடம், இயற்பியலாருக்கு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி மியூவான் எனும் துகள்களை மழையாகப் பொழிகின்றன. தரைக்கு மேல் வைத்த எந்தக் கருவியும் அந்த மழையில் நனைந்து கொண்டே இருக்கும். பூமிக்கடியில் போகப் போக மியூவான்கள் குறையும். நியூட்ரினோ மட்டும் குறையாது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவின் மாணவராக இருந்த பி.வி. ஸ்ரீகண்டன், 1951-ல் கோலார் சுரங்கத்தில் பல ஆழங்களில் மியூவான்களை எண்ணத் தொடங்கினார். அப்போது நியூட்ரினோ யாருடைய திட்டத்திலும் இல்லை. மியூவான் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதே கேள்வி.

பத்தாண்டுகளுக்குப் பின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் எஸ். மியாகே, டாட்டா நிறுவனத்தின் வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோர் இந்த எண்ணிக்கையை இன்னும் ஆழத்துக்குக் கொண்டு போனார்கள். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவி இரண்டு மாத அளவுக்கு ஓடியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சாதாரணமாக இது தோல்விக் கணக்கில் சேர வேண்டிய முடிவு. டாட்டா நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனனும் அவருடைய குழுவினரும் அதை வேறு விதமாகப் படித்தார்கள். மியூவான் இரைச்சல் அடங்கிய இடத்தில் கருவி எதையாவது பதிவு செய்தால் அது நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். வளிமண்டல நியூட்ரினோக்களை நிலத்தடியில் தேடலாம் என்று சோவியத் இயற்பியலர் மார்க்கோவும் அமெரிக்காவின் கிரைசனும் 1960-ல் யோசனை சொல்லியிருந்தார்கள். அதற்கேற்ற ஆழம் கோலாரில் தயாராக இருந்தது.

டாட்டா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 1965-ன் தொடக்கத்தில் சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியே, ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை நிறுவின. அவற்றின் அமைப்பு எளிமையானது. மின்னூட்டத் துகள் கடந்தால் மினுக்கும் பிளாஸ்டிக் ஒளிர்வான்கள் சுவர் போலச் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஈயத் தகடுகளும், நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வரிசைகளும் இருந்தன. இரு பக்கச் சுவர்களும் ஒரே கணத்தில் மினுக்கினால் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்து சென்ற குழாய்கள் மட்டும் சிவந்து ஒளிரும். கேமரா அதைப் படமெடுத்துக் கொள்ளும். படச்சுருளில் தெரிவது ஒளிப்புள்ளிகளின் ஒரு கோடு. துகள் எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதை அந்தக் கோடு சொல்லாது. எந்தக் கோணத்தில் போனது என்பதைச் சொல்லும்.

அந்தக் கோணமே போதுமானதாக இருந்தது. நேர் மேலிருந்து வரும் மியூவான் 2.3 கி.மீ. பாறையைக் கடந்தால் கருவியை எட்டிவிடலாம். அப்படியும் சில வந்தன. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து வருவது அதைப் போல இரு மடங்கு பாறையைத் துளைக்க வேண்டும். அந்த அளவு பாறையைக் கடந்து வரும் மியூவான் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே கிடைமட்டத்தை ஒட்டிப் பாயும் மியூவான், பக்கத்துப் பாறைக்குள்ளேயே ஒரு நியூட்ரினோவால் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதன் காரணமும் இதுவே. ஆற்றலை அளக்காமலே, திசையை மட்டும் வைத்துப் பிறப்பிடத்தை முடிவு செய்யும் இந்த உத்தி எளியது. பின்னால் வந்த வளிமண்டல நியூட்ரினோ ஆய்வுகள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கையாள்கின்றன.

அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் ஃபிரெடரிக் ரைன்சின் குழுவும் இதே வேட்டையில் இருந்தது. அவர்களுடைய முதல் நிகழ்வு பதிவானது 1965 பிப்ரவரி 23-ல். ஆனால் கோலார் குழுவின் கட்டுரை 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் ஆகஸ்ட் 15-ல் வெளிவந்தது. ரைன்சின் கட்டுரை 'ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் ஆகஸ்ட் 30-ல் வந்தது. யார் முந்தியவர் என்ற கேள்வியில் பெரிதாகச் சண்டையிட ஒன்றுமில்லை. இயற்கையாக உருவாகும் உயர் ஆற்றல் நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலில் கண்ட இரண்டு இடங்களும் தங்கச் சுரங்கங்கள் என்பதும், அவற்றில் ஒன்றில் கூண்டை இறக்கி ஏற்றியவர்கள் தமிழர்கள் என்பதும் மட்டும் நினைவில் இருக்கத் தக்கவை.

திசை உத்தியின் எல்லை தெரிந்தது அடுத்த கட்டத்தில். கோலார் படச்சுருள்களில் விளங்காத சில நிகழ்வுகள் இருந்தன. சாதாரண நியூட்ரினோ நிகழ்வில் பாறைக்குள் பிறந்த மியூவான் ஒற்றைக் கோடாக வரும். இவற்றிலோ இரண்டு, மூன்று தடங்கள் அகலமாக விரிந்து வந்தன. அவற்றைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் அவை சந்திக்கும் புள்ளி பாறையில் விழவில்லை. பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெற்று வெளியிலோ கருவியின் மெல்லிய பகுதியிலோ விழுந்தது. காற்றில் நியூட்ரினோ மோதுவதற்கான வாய்ப்பு மிக மிகச் சொற்பம். எனவே பாறையில் பிறந்த ஏதோ ஒரு கனத்த புதுத் துகள், சற்றுத் தூரம் பறந்து வந்து காற்றில் சிதைந்திருக்க வேண்டும் என்று கிருஷ்ணசாமி, மேனன், நரசிம்மம், இட்டோ, கவாகாமி, மியாகே ஆகியோர் 1975-ல் எழுதினார்கள். இவையே பின்னாளில் 'கோலார் நிகழ்வுகள்' என்று பெயர் பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெ/சை துகள் கண்டுபிடிக்கப்பட்டு இயற்பியல் உலகம் புதுத் துகள்களின் பரபரப்பில் இருந்தது. கோலார் செய்தியும் அந்தச் சூட்டில் கவனம் பெற்றது.

முடுக்கி ஆய்வகங்களில் நியூட்ரினோக் கற்றைகளை வைத்துத் தேடியவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கோலார் தரப்பில் பதில் சொல்லத் தேவையான தகவல் இல்லை. ஒவ்வொரு தடமும் சுமந்து வந்த ஆற்றல் துல்லியமாகத் தெரிந்திருந்தால் அவற்றைக் கூட்டிச் சிதைந்த துகளின் நிறையைக் கணக்கிட்டிருக்கலாம். எல்லா நிகழ்வுகளிலும் ஒரே நிறை வந்திருந்தால் புதுத் துகள் உறுதி, வெவ்வேறாக வந்திருந்தால் சந்தேகம் உறுதி. ஒளிப்புள்ளிக் கோடுகளிலிருந்து தோராயமான கீழ்வரம்பைத்தான் சொல்ல முடிந்தது. எண்ணிக்கையும் விரல்விட்டு எண்ணும் அளவே. திசையும் சந்திப்புப் புள்ளியும் ஒரு புதிரை எழுப்பப் போதுமானவையாக இருந்தன. அதை அவிழ்க்கப் போதவில்லை. மங்கிய கருவியால் அரிய குறியைத் தேடுவதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்திய அறிவியலில் இல்லை.

அந்தப் புதிர் மறக்கப்படவில்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. ராஜசேகரனும் எம்.வி.என். மூர்த்தியும் 2014-ல் 'பிரமாணா' இதழில் அதை மீண்டும் கையிலெடுத்தார்கள். நியூட்ரினோவோடு முடிச்சுப் போடாமல் பார்த்தால், பிரபஞ்சத்தின் வயதையொத்த ஆயுள் கொண்ட கரும்பொருள் துகள் கருவியருகே சிதைந்ததாக இந்நிகழ்வுகளைக் கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். அத்துகளின் நிறை புரோட்டானைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு இருக்கலாம் என்றும் கணித்தார்கள். முடுக்கிகள் எதையும் காணாததற்கும் இதில் விடை இருக்கிறது: அங்கே உருவாக்கித் தேடினார்கள், இதுவோ முன்பே பரவிக் கிடப்பது. வாதம் சுவையானது. ஆனால் கையில் இருக்கும் சான்று இன்னும் அதே பழைய படச்சுருள்கள்தாம்.

1980-ல் கோலார் இன்னொரு வேலைக்கு மாறியது. ஈர்ப்பு நீங்கலான விசைகளை ஒன்றிணைக்க முயன்ற கோட்பாடுகள், புரோட்டானும் ஒரு நாள் சிதைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2.3 கி.மீ. ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவி எழுந்தது. இரும்புத் தகடுகளும், 10 செ.மீ. சதுரக் குறுக்குவெட்டுள்ள வாயுக் குழாய்களும் மாறி மாறி 34 அடுக்குகளாக அடுக்கப்பட்டன. அத்தனை இரும்பும் சுரங்கக் கூண்டில் துண்டு துண்டாக இறங்கி, கீழே பொருத்தப்பட்டது. புரோட்டான் சிதைவுக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் பெருங்கருவி இதுவே. 1985-ல் சுமார் 2 கி.மீ. ஆழத்தில் 260 டன் எடையில் இரண்டாவது கருவியும் ஓடத் தொடங்கியது.

இங்கே ஆற்றல் பகுதிறன் நேரடியாகவே வழக்கைத் தீர்மானித்தது. புரோட்டான் சிதைந்தால் அதன் முழு நிறையும், அதாவது 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், கருவிக்குள் வெளிப்பட வேண்டும். வளிமண்டல நியூட்ரினோ மோதினாலும் ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் வெளிப்படக் கூடும். துல்லியமான கருவியென்றால் 938-ல் கூர்மையாக ஒரு முகடு எழும். நியூட்ரினோ மோதல்கள் அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும். 10 செ.மீ. குழாயும் தடித்த இரும்பும் கொண்ட கருவியில் முகடும் பரப்பும் வேறுபடாது. 1981-ல் மூன்று நிகழ்வுகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கோலார் குழு அறிவித்தது. அடுத்து வந்த அமெரிக்காவின் ஐ.எம்.பி., ஜப்பானின் கமியோக்கண்டே ஆகிய நீர்த்தொட்டிக் கருவிகள் ஆயிரக்கணக்கான டன் நீரை வைத்துத் தேடியும் எதுவும் சிக்கவில்லை. இன்று சூப்பர் கமியோக்கண்டே, பாசிட்ரானும் நடுநிலைப் பயானுமாகச் சிதைவதற்குப் புரோட்டானின் ஆயுள் 2.4×10³⁴ ஆண்டுகளுக்கு மேல் என்று வரம்பு வைத்திருக்கிறது. கோலாரின் மூன்றும் பெரும்பாலும் நியூட்ரினோ மோதல்களாகவே இருந்திருக்க வேண்டும்.

தங்கத்தின் விலை கட்டுப்படியாகாமல் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதால் 1990-களின் தொடக்கத்தில் ஆய்வும் நின்றது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் கதவடைத்தது. இறைப்பான்கள் நின்றதும் ஆழ்நிலைகளில் நீர் ஏறியது.

கோலாரில் தொல்லையாக இருந்த வளிமண்டல நியூட்ரினோக்களே அடுத்த காலகட்டத்தின் செல்வமாயின. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டையில் ஒரு கருவி இருப்பதாகக் கொள்ளலாம். ஊருக்கு நேர் மேலே வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ சுமார் 15 கி.மீ. பயணம் செய்து வந்து சேரும். காலுக்குக் கீழிருந்து வருவது, பூமியின் மறுபக்கத்தில் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலின் மேல் பிறந்து, ஏறத்தாழ 12,700 கி.மீ. பூமியைத் துளைத்துக்கொண்டு வரும். அடிவானத்தை ஒட்டி வருவது சில நூறு கி.மீ. தூரம் கடந்திருக்கும். நியூட்ரினோ பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுமானால், அந்த மாற்றம் கடந்த தூரத்தை ஆற்றலால் வகுத்த ஈவைப் பொறுத்தது. மேலே இருந்து வருபவை மாறுவதற்கு நேரமில்லை. கீழிருந்து வருபவை மாறிவிட்டிருக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் வருபவற்றை எண்ணி ஒப்பிட்டால் போதும். 1998-ல் ஜப்பானின் தகயாமா நகரில் நடந்த மாநாட்டில் சூப்பர் கமியோக்கண்டே சார்பில் கஜிதா அறிவித்தது இதைத்தான்: கீழிருந்து வரும் உயர் ஆற்றல் மியூவான் நியூட்ரினோக்கள், மேலிருந்து வருபவற்றில் ஏறத்தாழப் பாதி. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது இப்படி, பெரும்பாலும் கோணத்தையும் எண்ணிக்கையையும் வைத்தே நிறுவப்பட்டது.

ஆனால் பாதி குறைவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நியூட்ரினோ வழியிலேயே சிதைந்து போயிருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். சிதைவென்றால் எண்ணிக்கை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். வகை மாற்றமென்றால் ஒரு குறிப்பிட்ட ஈவில், அதாவது ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 500 கி.மீ. என்ற அளவில், பள்ளம் விழுந்து மீண்டும் ஏறும். மங்கிய அளவீட்டில் அந்தப் பள்ளம் நிரம்பிச் சமதளமாகிவிடும். சூப்பர் கமியோக்கண்டே குழு 2004-ல் இதற்குச் செய்த மாற்று துணிச்சலானது. அடிவானத்தை ஒட்டி வரும் நிகழ்வுகளில் கோணம் சிறிது பிசகினாலும் தூரம் பெரிதும் மாறிவிடும்; ஆற்றல் குறைந்த நிகழ்வுகளில் மியூவானின் திசை நியூட்ரினோவின் திசையைக் காட்டாது. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஈவு ஓரளவு நன்றாகத் தெரிந்த நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தரவில் பெரும்பகுதி போனாலும் பள்ளம் தெரிந்தது. சிதைவுக் கருத்து பின்தள்ளப்பட்டது.

கோலார் முடிந்த வெற்றிடத்தில், 2000-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த துகளியல் பயிலரங்கில் இந்தியாவுக்கென்று மீண்டும் ஒரு நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும் என்ற பேச்சு உருப்பெற்றது. 2002-ல் அணுசக்தித் துறையின் கீழ் நிறுவனங்கள் உடன்பாடு செய்துகொண்டன. கோலாரில் புரோட்டான் சிதைவு ஆய்வில் ஈடுபட்டிருந்த நபா மண்டல் திட்டத்தின் செய்தித் தொடர்பாளரானார். அவர்கள் வகுத்த கருவி கோலாரின் இரும்பு அடுக்கையே பெருக்கியெடுத்தது: 5.6 செ.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்கு, மூன்று கூறுகள், மொத்தம் 50,000 டன். புதிதாகச் சேர்ந்தது காந்தப் புலம். இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்கள் ஏறத்தாழ 1.5 டெஸ்லா அளவுக்குப் புலம் தரும். அடுக்குகளுக்கிடையே சுமார் 29,000 மின்தடைத் தகட்டு உணர்விகள் அமையும். இந்த உணர்வி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே 2 மி.மீ. இடைவெளியில் வாயு ஓடும் பெட்டி. ஏறத்தாழ 10,000 வோல்ட் கொடுத்தால், மின்னூட்டத் துகள் கடக்கும் இடத்தில் சிறு மின்பொறி உண்டாகும். ஒரு நானோநொடி அளவுக்கு நேரத்தையும் சொல்லும். அதனால் துகள் மேலிருந்து கீழே போனதா, கீழிருந்து மேலே வந்ததா என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கருவியின் பகுதிறனைத் திட்டக்குழுவினர் மறைக்கவில்லை. நியூட்ரினோ மோதியதும் ஒரு மியூவானும், ஹேட்ரான்கள் எனப்படும் துகள்களின் சிதறலும் வெளிப்படும். மியூவான் காந்தப் புலத்தில் வளைந்து நீண்ட தடம் போடுவதால் அதன் உந்தத்தைப் பெரும்பாலும் பத்து, பதினைந்து விழுக்காட்டுப் பிழைக்குள் அளக்கலாம். ஹேட்ரான் சிதறலோ சில அடுக்குகளில் அடங்கிவிடும். எத்தனை இடங்களில் பொறி தட்டியது என்று எண்ணித்தான் ஆற்றலை ஊகிக்க வேண்டும். 2013-ல் வெளியான பாவனைக் கணிப்புகளின்படி அந்தப் பிழை 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 85 விழுக்காடு, 15-ல் 36 விழுக்காடு. இரண்டையும் கூட்டி நியூட்ரினோவின் ஆற்றல் என்று ஒரே எண்ணாக்கினால் நன்றாக அளந்த மியூவானும் ஹேட்ரானின் பிழையில் மூழ்கிவிடும்.

இதற்கு மாற்றாக, 2014-ல் டாட்டா நிறுவனத்தின் அமோல் திகே, புவனேஸ்வரத்தின் சஞ்சீப் குமார் அகர்வல்லா உள்ளிட்டோர் கூட்டுவதையே கைவிட்டார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் மியூவான் ஆற்றல், மியூவான் கோணம், ஹேட்ரான் ஆற்றல் என்று மூன்று எண்களைத் தனித்தனியே வைத்து ஆராய்ந்தார்கள். மோசமான அளவு நல்ல அளவைக் கெடுக்காது. தன்னிடமுள்ள கொஞ்சத் தகவலையும் தந்துவிடும். நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவதில் கருவியின் திறன் இதனால் கணிசமாக உயர்ந்தது. பத்தாண்டு ஓட்டத்தில் மூன்று சிக்மா என்ற புள்ளியியல் உறுதியோடு விடை கிடைக்கலாம் என்ற மதிப்பீடு இந்த முறையிலிருந்து வந்ததே.

வழக்கத்துக்கு மாறான குறிகளைத் தேடும் உத்தி இதன் அடுத்த படி. அனில் குமார், அமீனா காத்தூன், அகர்வல்லா, திகே ஆகிய நால்வரும் 2021-ல் வெளியிட்ட கட்டுரைகளில் 'அலைவுப் பள்ளத்தாக்கு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். மியூவானின் ஆற்றலை ஓர் அச்சிலும், வரும் கோணத்தை மறு அச்சிலும் இட்டு, மேல்நோக்கி வருவனவற்றைக் கீழ்நோக்கி வருவனவற்றால் வகுத்து வரைந்தால், நியூட்ரினோக்கள் மறைந்த இடங்கள் சாய்வான ஒரு நேர்ப்பட்டையாகத் தெரியும். அதுவே பள்ளத்தாக்கு. பூமியின் பொருளோடு நியூட்ரினோவுக்கு இதுவரை அறியப்படாத ஓர் உறவு இருந்தால் அந்தப் பட்டை நேராக இல்லாமல் வளையும். வளைவு சிறியது, மங்கிய கருவியில் இன்னும் சிறிதாகும். ஆனால் நியூட்ரினோவுக்கு அது ஒரு பக்கம் வளைந்தால் எதிர்நியூட்ரினோவுக்கு மறுபக்கம் வளையும். காந்தம் இல்லாத நீர்த்தொட்டியில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்ளும். காந்தமூட்டிய இரும்பில் எதிர்மின் மியூவான் ஒரு புறமும் நேர்மின் மியூவான் மறுபுறமும் திரும்புவதால் இரண்டு பள்ளத்தாக்குகளையும் தனித்தனியே வரைந்து, வளைவுகளின் வேறுபாட்டைப் பார்க்கலாம். பகுதிறன் குறைபாடு இரண்டையும் ஒரே மாதிரி மங்கச் செய்யுமே தவிர, ஒன்றை இடமாகவும் மற்றதை வலமாகவும் வளைத்துவிடாது. மேல்கீழ் விகிதம் எடுப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வளிமண்டலத்தில் மொத்தம் எத்தனை நியூட்ரினோ பிறக்கிறது என்ற கணக்கிலேயே ஏறத்தாழ 20 விழுக்காடு ஐயம் இருக்கிறது. வகுக்கும்போது அதன் பெரும்பகுதி அடிபட்டுப் போகும்.

எல்லாக் குறிக்கும் இந்த வித்தை தேவைப்படுவதில்லை. நான்காவதாக ஒரு மலட்டு நியூட்ரினோ இருந்து, அதன் நிறை பெரிதாக இருந்தால், அலைவுகள் மிக நெருக்கமாக விழும். அவற்றை எந்த வளிமண்டலக் கருவியும் பிரித்துப் பார்க்க முடியாது. சராசரிக் குறைவாக மட்டுமே தெரியும். கருவி சற்று முரடாக இருப்பதால் அங்கே பெரிய இழப்பில்லை. காந்த ஒருமுனைத் துகள் போன்றவற்றுக்கு ஆற்றல் அளவீடே வேண்டாம். மெதுவாக ஊர்ந்து, அடுக்கு அடுக்காகப் பொறி தட்டிக்கொண்டு போவதே அதன் அடையாளம். நேரக் கணக்கு போதும்.

காகிதத்தில் இவ்வளவு தேறிய கருவி நிலத்தில் எழவில்லை. நீலகிரியில் சிங்காரா பகுதியில் பார்த்த இடம் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்துத் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலையின் அடியில், ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதையுடன் அமைக்க முடிவாயிற்று. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பாறை வெடிப்பு, நீராதாரம், அணைகளின் பாதுகாப்பு, காட்டுயிர் என்று ஊர் மக்களும் விவசாயிகளும் எழுப்பிய கேள்விகள் போராட்டமாயின. வைகோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2017-ல் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. தேசியக் காட்டுயிர் வாரியத்தின் இசைவும் வேண்டும் என்று தீர்ப்பாயம் நிபந்தனை வைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டான் சோலையையும் பெரியாறு காப்பகத்தையும் இணைக்கும் புலி வழித்தடத்தைக் காட்டி, திட்டத்தை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. கதிர்வீச்சு பற்றிப் பரவிய அச்சங்களுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் ஊராரிடம் முன்கூட்டியே போய்ப் பேசி, ஐயங்களைத் தீர்த்து, ஒப்புதல் பெறும் வேலையைத் திட்டக்குழு தாமதமாகவும் குறைவாகவுமே செய்தது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

உலகம் காத்திருக்கவில்லை. சீனாவின் ஜூனோ, 20,000 டன் திரவ ஒளிர்வானை நிரப்பி 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது. அது பகுதிறனையே ஆயுதமாகக் கொண்டது. 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் பிழை 3 விழுக்காடு என்பது அதன் இலக்கு. தென்துருவப் பனியில் புதைந்த ஐஸ்கியூப் எதிர்த் திசையில் போகிறது. அளவு முரடு என்றாலும் எண்ணிக்கை பல லட்சம் என்பதால், புதிய நியூட்ரினோ உறவுகளுக்குக் கடுமையான வரம்புகளை அது விதித்திருக்கிறது. மத்தியதரைக் கடலடியில் உள்ள கே.எம்.3நெட் 2023 பிப்ரவரி 13-ல் பதிவு செய்த, இதுவரை கண்டவற்றிலேயே மிக ஆற்றல் வாய்ந்த நியூட்ரினோவின் ஆற்றல் ஏறத்தாழ 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பிழை எல்லை 110 முதல் 790 வரை.

பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவியின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி, மதுரையில் 2018 முதல் தரைக்கு மேல் ஓடி வருகிறது. பதினோரு இரும்பு அடுக்குகளும் பத்து உணர்வி அடுக்குகளும் கொண்ட அது அண்டக்கதிர் மியூவான்களைப் பதிவு செய்து, காந்தமும் உணர்விகளும் எதிர்பார்த்தபடி இயங்குவதைக் காட்டியிருக்கிறது. நியூட்ரினோவைக் காணும் அளவுக்கு அது பெரிதல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பழைய இரும்புச் சுரங்கத்தில் இருந்த 5,400 டன் மினோஸ் கருவி காந்தமூட்டிய இரும்பில் நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் பிரித்துக் காட்டிவிட்டு 2016-ல் ஓய்வு பெற்றது. 50,000 டன் எடையில் அப்படியொரு கருவி உலகில் இதுவரை எங்கும் கட்டப்படவில்லை.